பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள்: ஆரம்ப சுகாதார மையங்களில் பல் பாதுகாப்பு ஏன் எட்டவில்லை? – ஒரு பார்வை

பாலக்காடு / இடுக்கி: பொது சுகாதாரத்தில் நாட்டின் முன்னோடி மாநிலங்களுள் ஒன்றாகக் கருதப்படும் கேரளத்தில், தமிழ்நாட்டை ஒட்டிய எல்லைப் பகுதி மக்கள் அரசு மருத்துவமனையில் ஒரு பல் மருத்துவரைச் சந்திப்பது இன்றளவும் எளிதாக இல்லை. காய்ச்சல், இரத்த அழுத்தம், நீரிழிவு, கர்ப்பகாலப் பரிசோதனை ஆகியவற்றுக்கு ஊராட்சி தோறும் சுகாதார மையம் இயங்குகிறது. பல்லும் ஈறும் மட்டும் அந்த வரிசைக்கு வெளியே நிற்கின்றன. வலி பொறுக்க முடியாத நிலையில்தான் மக்கள் மருத்துவரைத் தேடுகின்றனர்; அப்போது பெரும்பாலும் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

பல் நோய்கள் உயிரைப் பறிக்கும் அவசர நோய்கள் அல்ல என்பதால் அவை கவனம் பெறுவதில்லை. ஆனால் பரவலில் அவற்றை மிஞ்சும் நோய்கள் மிகச் சில. உலகம் முழுவதும் சுமார் 350 கோடிப் பேர் வாய்வழி நோய்களால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. அவர்களில் நான்கில் மூவர் நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் 2002-03ஆம் ஆண்டில் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் மேற்கொண்ட தேசிய ஆய்வில், 5 வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதத்தினருக்கும், 12 வயதினரில் 53.8 சதவீதத்தினருக்கும், 15 வயதினரில் 63.1 சதவீதத்தினருக்கும் சொத்தைப் பல் இருப்பது கண்டறியப்பட்டது. பள்ளி செல்லும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் உள்ள ஒரு நோய்க்கு, ஆரம்ப சுகாதார மையத்தில் நாற்காலியும் இல்லை, கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்பதே பிரச்சினையின் சாரம்.

இரு எல்லைகள், இரு வேறு பாதிப்புகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, பெருமாட்டி, முதலமடை உள்ளிட்ட ஊராட்சிகள் அமைந்துள்ளன. சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த இப்பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் வழியாகக் கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் அன்றாடம் சென்று வருபவர்கள் ஏராளம். வடக்கே, கோவை ஆனைகட்டியை ஒட்டி, இருளர், முடுகர், குறும்பர் சமூகத்தினர் வாழும் அட்டப்பாடி உள்ளது.

இடுக்கி மாவட்டத்தில் நிலைமை வேறு. மூணாறு, தேவிகுளம், சின்னக்கானல், பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களின் தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலைப் பகுதியின் ஏலத்தோட்டங்களிலும் தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உள்ளனர். மறையூர் வழியாக உடுமலைப்பேட்டையும், போடிமெட்டு வழியாகப் போடியும், குமுளி, கம்பம்மெட்டு வழியாகக் கம்பமும் அவர்களுக்கு அருகிலுள்ள ஊர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இடுக்கியின் மக்கள் அடர்த்தி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 255 மட்டுமே. மாநிலத்திலேயே இதுதான் மிகக் குறைவு. மாவட்டத்தில் இரயில் பாதையே கிடையாது.

இவ்விரு பகுதிகளுக்கும் பல் பாதுகாப்பில் ஒரே மருந்துச் சீட்டை எழுத முடியாது. சமவெளியில் உள்ள சித்தூர்ப் பகுதியின் பிரச்சினை தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருப்பது. மலைப்பகுதிகளில் ஓடைகளையும் ஊற்றுகளையும் நம்பியுள்ள குடியிருப்புகளின் நீரில் பொதுவாக ஃபுளோரைடு குறைவு. அங்கே சொத்தை, ஈறு நோய், வெற்றிலை–புகையிலைப் பழக்கத்தால் வரும் வாய்ப்புண்கள் ஆகியவையே முதன்மையானவை. ஆகவே எந்த ஊரில் எது தேவை என்பதை அந்தந்த ஊரின் சுகாதார மையமே கண்டறிந்து செயல்பட வேண்டியிருக்கிறது. அங்குதான் இடைவெளி தெரிகிறது.

சித்தூரின் நீரும் பிள்ளைகளின் பற்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதி, கேரளத்தின் பிற இடங்களைவிட மழை குறைந்தது. கடினப் பாறை அடுக்குகளுக்குள் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கப்பட்டு, பாசனத்துக்கும் குடிநீருக்கும் நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறது. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு 2004இல் மூடப்பட்ட குளிர்பான ஆலைக்கு எதிரான போராட்டத்தால், இப்பகுதியின் நீர்ப் பிரச்சினை உலகின் கவனத்துக்கு வந்தது. எவ்வளவு நீர் எடுக்கப்படுகிறது என்ற விவாதம் நடந்த அளவுக்கு, அந்த நீரில் கரைந்துள்ளது என்ன என்ற விவாதம் நடைபெறவில்லை.

குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருப்பதை இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஏற்கத்தக்க அளவாகக் கொள்கிறது. வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மில்லிகிராமே. சித்தூர் தாலுகாவின் சில இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் இந்த வரம்பைத் தாண்டுவது நிலத்தடி நீர் ஆய்வுகளில் பதிவாகியுள்ளது.

பால் பற்களுக்குப் பின் முளைக்கும் நிலையான பற்களின் எனாமல், குழந்தை பிறந்தது முதல் ஏறத்தாழ 8 வயது வரை தாடைக்குள் உருவாகிறது. அக்காலத்தில் ஃபுளோரைடு மிகுந்த நீரைத் தொடர்ந்து அருந்தினால், பல் முளைக்கும்போதே வெண்திட்டுகளோ பழுப்புக் கறைகளோ காணப்படும். பாதிப்பு தீவிரமானால் எனாமலில் குழிகளும் விழும். இதுவே பல் ஃபுளோரோசிஸ். இதனை எவ்வளவு துலக்கினாலும் போக்க முடியாது. பல் விளக்காத பிள்ளை என்று பள்ளியில் ஏளனத்துக்கு ஆளாகும் சிறுவர் செய்த தவறு எதுவும் இல்லை. குடித்த தண்ணீரின் தடயமே அது. நீண்ட காலம் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படுகின்றன.

நீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு நீங்கிவிடும் என்ற நம்பிக்கை தவறானது. நீர் ஆவியாகக் குறையும்போது எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். மாற்று நீராதாரம், ஆற்று நீர் அல்லது மழைநீர்ச் சேமிப்பு, படிகாரமும் சுண்ணாம்பும் கொண்டு நீரைத் தெளியவைக்கும் நல்கொண்டா முறை போன்றவையே பயன் தரும்.

நாட்டில் ஃபுளோரோசிஸ் பாதிப்பு முதன்முதலாக 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் அறியப்பட்டது. அதன் பின் 70 ஆண்டுகள் கழித்தே, 2008-09இல், ஃபுளோரோசிஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. பாலக்காடு மாவட்டமும் இதில் இடம்பெற்றுள்ளது. நீர் மாதிரிகளைப் பரிசோதித்தல், பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்தல், மாவட்ட ஆய்வகத்தில் ஃபுளோரைடை அளவிடும் கருவியை நிறுவுதல் ஆகியன இத்திட்டத்தின் கூறுகள். இருப்பினும் பாதிப்பைக் கண்டறிவது ஒரு துறை, நீர் வழங்குவது மற்றொரு துறை, பல்லுக்குச் சிகிச்சை அளிப்பது வேறொரு மருத்துவமனை என்று பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. பள்ளியில் ஒரு பிள்ளையின் பல்லில் கறை காணப்பட்டால், அவ்வீட்டின் கிணற்று நீரைச் சோதிக்க வேண்டும் என்ற தகவல் உரிய அலுவலகத்துக்குச் சென்றால்தான் அது முன்தடுப்பு ஆகும். அது இல்லையேல் வெறும் கணக்கெடுப்பாகவே நின்றுவிடும்.

மலைத் தோட்டங்களில் ஒரு நாள் கூலியின் விலை

தேயிலைத் தோட்டங்களில் மருத்துவ வசதி அளிப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. அதன்படி தோட்ட மருத்துவமனைகளும் மருந்தகங்களும் உருவாகின. அவை பிரசவம், காயம், காய்ச்சல் ஆகியவற்றை மையமாகக் கொண்டவை. பற்களைப் பாதுகாக்கும் சேவை அவற்றின் அன்றாடப் பணியாக வளரவில்லை. கூலி, போனஸ், மருத்துவம், லயங்களின் நிலை ஆகியவை குறித்த குறைகள் 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் நடத்திய பெண்பிள்ளை ஒருமைப் போராட்டத்தின்போது வெளிச்சத்துக்கு வந்தது நினைவுகூரத்தக்கது.

கொழுந்து பறிக்கும் ஒரு தொழிலாளிக்குப் பல் வலி ஏற்பட்டால் அவர் முன்னுள்ள வழிகள் சில மட்டுமே. அருகிலுள்ள சுகாதார மையத்தில் வலி மாத்திரையும் கிருமிக்கொல்லி மருந்தும் கிடைக்கும். மூணாற்றிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடிமாலி தாலுகா மருத்துவமனைக்குச் செல்லலாம். வட்டவடையிலிருந்து வருவோர் அதற்கு முன்பாகவே மூணாறு வரை சுமார் 45 கிலோமீட்டர் மலைப்பாதையைக் கடந்திருப்பர். தனியார் மருத்துவமனைக்குச் சென்றால் கையிலிருந்து பணம் செலவாகும். எதைத் தேர்ந்தாலும் ஒரு நாள் கூலி போய்விடும். சொத்தையை அடைக்கவோ, வேர் சிகிச்சை செய்யவோ பலமுறை வர வேண்டும் என்று கூறப்பட்டால், ஒரே நாளில் முடியும் பல் பிடுங்கலையே அவர் தேர்ந்தெடுக்கிறார். இதனை அறியாமை என்று கூறுவது பொருந்தாது. கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து எடுக்கப்படும் முடிவு அது.

கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010இல் உருவாக்கப்பட்ட இடமலைக்குடியில் இந்த இடைவெளி மேலும் கூர்மையாகிறது. முதுவர் சமூகத்தினர் வாழும் குடிகள், மூணாற்றிலிருந்து பெட்டிமுடியைக் கடந்து காட்டு வழியே செல்ல வேண்டிய தொலைவில் உள்ளன. மழைக்காலத்தில் நோயாளியைச் சுமந்து வரும் செய்திகள் அங்கிருந்து தொடர்ந்து வருகின்றன. அவசர சிகிச்சைக்கே இந்நிலை எனில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை என்ற அறிவுரைக்கு அங்கே பொருள் இருக்காது.

அட்டப்பாடியில் மற்றொரு காரணமும் உண்டு. அங்குள்ள பழங்குடியினரிடையே அரிவாள் செல் இரத்தச்சோகை காணப்படுகிறது. இந்நோய் உள்ளவர்களுக்குப் பல்லில் ஏற்படும் கிருமித் தொற்று, கடும் வலியுடன் கூடிய உடல்நல நெருக்கடியைத் தூண்டக்கூடும். பல் பிடுங்குவதற்கும் கூடுதல் எச்சரிக்கை தேவை. எனவே சொத்தை வராமல் காப்பது அவர்களுக்கு மருத்துவக் கட்டாயம். கோட்டத்தறையிலுள்ள அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை சிகிச்சைக்குரிய இடம்; முன்தடுப்பு நடைபெற வேண்டிய இடமோ ஊர்களும் அங்கன்வாடிகளும் ஆகும்.

காகிதத்தில் உள்ள ஏற்பாடுகள்

திட்டங்களே இல்லை என்று கூறிவிட முடியாது. தேசிய வாய்வழி சுகாதாரத் திட்டம் 2014-15இல் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனை மற்றும் அதற்குக் கீழுள்ள மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவுகளை வலுப்படுத்த மாநிலங்களுக்கு நிதியுதவி அளிப்பது அதன் நோக்கம். 2018இல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் நல்வாழ்வு மையங்கள் வழங்க வேண்டிய 12 சேவைகளுள் அடிப்படை வாய்வழிப் பராமரிப்பும் ஒன்று. பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்காக 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தில், பரிசோதித்துக் கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் பல் நோய்களும் உள்ளன.

கேரள அரசு 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார மையங்கள் குடும்ப சுகாதார மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டு வருகின்றன. கூடுதல் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வக வசதி, மாலை வரை புறநோயாளிப் பிரிவு ஆகியவை கிடைத்துள்ளன. எனினும் இம்மையங்களின் அடிப்படைப் பணியாளர் வரையறையில் பல் மருத்துவர் இடம்பெறவில்லை. பல் மருத்துவர் பணியிடங்கள் பொதுவாகச் சமூக சுகாதார மையம், தாலுகா மருத்துவமனை ஆகிய நிலைகளில்தான் தொடங்குகின்றன. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் திருவனந்தபுரம், ஆலப்புழை, கோட்டயம், திருச்சூர், கோழிக்கோடு, கண்ணூர் மாவட்டங்களில் உள்ளன. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இல்லை.

இதன் விளைவாக, கீழ்நிலையில் கண்டறியும் பணி மட்டும் நடக்கிறது. கண்டறியப்பட்டவருக்குச் செய்ய வேண்டியது மேல்நிலையில் உள்ளது. இடையில் இருப்பது மலைப்பாதையும் கூலி இழப்பும். பள்ளியில் பல் சொத்தை என்று எழுதித் தரப்பட்ட பரிந்துரைச் சீட்டு, தாலுகா மருத்துவமனை வரை சென்றதா என்பதைப் பின்தொடரும் ஏற்பாடு இல்லாதவரை, அந்தப் பரிசோதனையால் பிள்ளைக்கு நன்மை ஏதும் இல்லை.

தொடக்கத்தில் இல்லை, முடிவில் உண்டு

அரசின் செலவு எங்கே செல்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயதைக் கடந்தோருக்கு இலவசமாகப் பல்செட் வழங்கும் மந்தஹாசம் திட்டத்தைக் கேரள சமூக நீதித் துறை நடத்தி வருகிறது. உணவை மெல்ல முடியாமல் தவிக்கும் முதியோருக்கு இது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் பற்களை இழந்த பிறகு கிடைக்கும் உதவி, பற்களை இழக்காமல் இருப்பதற்கு 6 வயதிலும் 30 வயதிலும் கிடைப்பதில்லை.

மருத்துவக் காப்பீடும் இதே போக்கில் அமைந்துள்ளது. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டுத் திட்டங்கள், மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்வதை அடிப்படையாகக் கொண்டவை. பல்லைச் சுத்தம் செய்வதும், சொத்தையை அடைப்பதும் புறநோயாளிச் சிகிச்சைகள். ஆகவே மிக மலிவாகத் தடுக்கக்கூடிய நோய்க்கான செலவு முழுவதும் குடும்பத்தின் மீதே விழுகிறது.

வாய்ப்புற்று: கேரளமே காட்டிய வழி

முன்தடுப்பு இல்லாமையின் விலை சில வேளைகளில் உயிராகவே இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் தோட்டப் பகுதிகளிலும் எல்லைக் கிராமங்களிலும் நீண்ட காலமாக உள்ளது. 2016-17ஆம் ஆண்டின் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வின்படி, கேரளத்தில் வயது வந்தோரில் 12.7 சதவீதத்தினர் புகையிலை பயன்படுத்துகின்றனர். இது தேசிய சராசரியான 28.6 சதவீதத்தைவிடக் குறைவுதான். ஆயினும் மாநிலச் சராசரி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளின் நிலையை எடுத்துக்காட்டும் என்று கொள்ள இயலாது.

வாய்ப்புற்று, கண்ணால் பார்த்தே தொடக்க நிலையில் கண்டறியக்கூடிய சில புற்றுநோய்களுள் ஒன்று. இதற்கான வலுவான சான்றுகளுள் ஒன்றை உலகுக்கு அளித்தது கேரளமே. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996 முதல் அம்மாவட்டத்தின் 13 பகுதிகளில் சுமார் 1.9 லட்சம் பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற, மருத்துவர் அல்லாத பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப்புற்று மரணங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன என்ற முடிவு 2005இல் வெளியானது.

இருந்தும், 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 30 முதல் 49 வயதுக்குட்பட்டோரில் வாய்ப்புற்றுக்கான பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம் மட்டுமே. கேரளத்தில் 30 வயதைக் கடந்தோரிடம் ஆஷா பணியாளர்கள் வீடு தேடிச் சென்று தொற்றா நோய்கள் குறித்த விவரங்களைச் சேகரிக்கும் ஏற்பாடு உள்ளது. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெண்மை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறப்பதில் சிரமம் ஆகியவற்றைக் கேட்டறிவதோடு, விளக்கொளியில் வாயைப் பார்க்கும் பழக்கமும் அதில் இணைந்தால், புதிய திட்டம் எதுவும் இல்லாமலேயே பல உயிர்களைக் காக்க இயலும்.

மொழியும் எல்லையும்

முன்தடுப்பு மருத்துவம் என்பது பெரும்பாலும் பேச்சு. எப்படித் துலக்குவது, குழந்தைக்கு இரவில் புட்டிப்பாலை எப்போது நிறுத்துவது, எந்தப் புண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதைச் சொல்லிப் புரிய வைப்பதே அதன் முதற்பணி. சொல்லும் மொழி கேட்பவருக்குப் புரிய வேண்டும். கேரளத்தின் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களுடன் தத்தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டின் மாநில ஆட்சிமொழிச் சட்டம் வழங்கியுள்ளது. மனு எழுதவும் பதில் பெறவும் உள்ள இந்த உரிமை, சுகாதார மையத்தின் சுவரொட்டியிலும் பரிந்துரைச் சீட்டிலும் பிரதிபலிப்பதே அச்சட்டத்தின் நோக்கத்துக்குப் பொருத்தமாகும். முதுவர், இருளர் போன்ற சமூகங்களின் பேச்சுமொழியோ அச்சில் அரிதாகவே வருவது; அங்கே அச்சமூகத்தைச் சேர்ந்த பணியாளரே மொழிபெயர்ப்பாளராகவும் இருக்க வேண்டியுள்ளது.

எல்லையைக் கடந்து சிகிச்சை பெறுவதும் இங்கு வழக்கம். தேனி, கம்பம், உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, கோவை ஆகிய ஊர்கள் மொழியாலும் உறவாலும் நெருக்கமானவை. தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களின் பற்களைப் பரிசோதித்துச் சிகிச்சை அளிக்கும் புன்னகை திட்டம் 2023இல் தொடங்கப்பட்டது. ஆனால் இத்தகைய திட்டங்கள் அந்தந்த மாநிலப் பள்ளிகளை மையமாகக் கொண்டவை. ஒரு மாநிலத்தில் படித்து, மறு மாநிலத்தில் விடுமுறையைக் கழித்து, பெற்றோரின் வேலைக்கேற்ப இடம் மாறும் பிள்ளையின் பல் பரிசோதனைக் குறிப்பு எந்த மாநிலப் பதிவேட்டிலும் தொடர்ச்சியாக இருப்பதில்லை.

பிற நாடுகளின் அனுபவம்

ஒவ்வொரு சுகாதார மையத்திலும் ஒரு பல் மருத்துவரை நியமிப்பதே தீர்வு என்ற வாதத்துக்கு, நிதியும் மலைப்பகுதிப் பணிக்கு ஆள் கிடைக்காமையும் தடையாகக் கூறப்படுகின்றன. இத்தடைகளைச் சந்தித்த நாடுகள் வேறு வழிகளையும் கண்டுள்ளன. நியூசிலாந்து 1921 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் செவிலியர்களைப் பயிற்றுவித்தது. அதே மாதிரியைப் பின்பற்றி, இலங்கை 1950களில் மகரகமவில் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, பள்ளிப் பல் சிகிச்சையாளர்களை உருவாக்கியது. பள்ளி வளாகத்திலேயே எளிய சிகிச்சைகளை அளிக்கும் அப்பணியாளர்கள் இன்றும் அந்நாட்டின் சேவையில் உள்ளனர்.

கருவிகளும் எளிமையாகியுள்ளன. மின்சாரமும் துளைக்கும் இயந்திரமும் இன்றி, கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, கண்ணாடி அயனோமர் எனும் கலவையால் அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவாக்கப்பட்டது. சொத்தை பரவாமல் தடுக்கும் வெள்ளி ஃபுளோரைடு கரைசலைத் தூரிகையால் தடவினாலே போதுமானது. இவ்விரண்டையும் ஃபுளோரைடு பற்பசையையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அங்கன்வாடியில் மதிய உணவுக்குப் பின் பிள்ளைகள் வரிசையாக நின்று பல் துலக்கும் பழக்கத்துக்குத் தேவைப்படுவது தண்ணீரும் தூரிகையும் பற்பசையும் மட்டுமே. இடுக்கி மலைகளுக்கு இது பொருந்தும். ஃபுளோரைடு மிகுந்த சித்தூர்ப் பகுதியிலோ சிறு குழந்தைகளுக்கான பற்பசையை மருத்துவர் ஆலோசனையுடன் தேர்வது அவசியம். அங்கே முதல் தடுப்பு மருந்து பாதுகாப்பான குடிநீரே.

யார் செய்வது?

கேரளத்தில் அதிகாரப் பரவலாக்கத்தின் பயனாக, ஆரம்ப சுகாதார மையங்கள் 1990களின் நடுப்பகுதியிலேயே கிராம ஊராட்சிகளின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. திட்ட நிதியைக் கொண்டு எதற்கு முன்னுரிமை அளிப்பது என்பதை ஊராட்சிகள் முடிவு செய்ய முடியும். எனவே அண்டை ஊராட்சிகள் இரண்டு அல்லது மூன்று இணைந்து ஒரு பல் மருத்துவரையும் ஒரு பல் சுகாதாரப் பணியாளரையும் பகிர்ந்துகொள்வதும், குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட மையத்துக்கு அவர்கள் வருவதும் மாநில அளவிலான புதிய உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. 1948ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டமே, பற்களைச் சுத்தம் செய்வதையும் வாய் சுகாதாரம் கற்பிப்பதையும் பல் சுகாதாரப் பணியாளரின் பணியாக வரையறுத்துள்ளது. தோட்டத் தொழிலாளர்களைப் பொறுத்தவரை, வருகை நாள் ஞாயிறாகவோ மாலை நேரமாகவோ அமைந்தால்தான் கூலி இழப்பின்றி வர இயலும்.

அதே வேளையில், எல்லாப் பணிகளையும் ஆஷா பணியாளர்கள் மீது ஏற்றுவது நியாயமாகாது. மதிப்பூதிய உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து அவர்கள் 2025இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் பல மாதங்கள் போராடியது, பணிச்சுமைக்கும் ஊதியத்துக்கும் இடையிலான இடைவெளியை நாட்டுக்கு உணர்த்தியது. வாய்ப் பரிசோதனையும் சேர்க்கப்படுமானால், அதற்குரிய பயிற்சியும் ஊதியமும் சேர்க்கப்பட வேண்டும்.

வாய்வழி நலத்துக்கான உலகச் செயல்திட்டம் 2023இல் உலக சுகாதாரப் பேரவையில் ஏற்கப்பட்டது. 2030ஆம் ஆண்டுக்குள் உலக மக்களில் 80 சதவீதத்தினர் அத்தியாவசிய வாய்வழிச் சேவைகளைப் பெறும் உரிமை உடையவர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. அந்த இலக்கை எட்டியதாகத் தேசிய அளவில் கணக்குக் காட்டுவது எளிதாக இருக்கலாம். வட்டவடையில் ஒரு பள்ளிச் சிறுமியின் சொத்தை அடைக்கப்படுகிறதா, எருத்தேம்பதியில் ஒரு குழந்தை குடிக்கும் நீர் சோதிக்கப்படுகிறதா, வண்டிப்பெரியாற்றில் வெற்றிலை மெல்லும் ஒரு தொழிலாளியின் வாயை ஆண்டுக்கு ஒருமுறையேனும் யாராவது பார்க்கிறார்களா என்பவையே அக்கணக்கின் உண்மையைச் சோதிக்கும் கேள்விகள். இவற்றுக்கான விடை, தலைநகரத்து அறிவிப்பைக் காட்டிலும், எல்லை ஊராட்சிகளின் அடுத்த ஆண்டுத் திட்ட ஒதுக்கீட்டில்தான் தெரியவரும்.